ஏழுக்கு எட்டு அடி சமையலறை: மூன்று பக்கமும் கேபினட் அடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கலாமா?

செல்வி_சிப்புட் | வெள்ளி, இரவு 10:42

வணக்கம். எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறது. பழைய மலிவு விலை வீடு, ஒற்றை மாடி. சமையலறை 7 அடி அகலம், 8 அடி நீளம். ஹாலிலிருந்து நுழைந்தால் எதிர்ச் சுவரில் பின்கதவு, அதன் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே சிங்க். இடது சுவரில் அடுப்பு வைக்கிற அளவுக்கு ஒரு சின்ன சிமெண்டு மேடை. வலது சுவரில் ஐஸ்பெட்டி. பின்கதவைத் திறந்தால் ஆறடிக்குச் சிமெண்டுத் தரை, அப்புறம் மதில், அதற்கு வெளியே லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய்.

நாங்கள் நாலு பேர் இருந்தவரை எப்படியோ ஓட்டினோம். இப்போது அம்மா தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். அவரோடு அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை, இட்லிப் பானைகள், முறுக்குக் குழல், தீபாவளிக்கு மட்டும் இறங்குகிற அண்டா எல்லாம் வந்துவிட்டன. காலையில் நான் பசியாற ஏதாவது செய்ய, அம்மா காய் நறுக்க, வீட்டுக்காரர் கோப்பி கலக்க வந்தால் மூன்று பேரும் முட்டிக்கொள்கிறோம். நறுக்க இடமில்லாமல் சிங்க் மேல் பலகையைக் குறுக்கே போட்டு நறுக்குகிறேன்.

ஒரு கேபினட் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, மூன்று பக்கமும் மேலும் கீழும் கேபினட் அடித்தால் ஒரு சாமானும் வெளியே தெரியாது என்கிறார். அவர் சொன்ன விலை எனக்கு எட்டாது. கையில் மூவாயிரம் வெள்ளிதான் (ரிங்கிட்) இருக்கிறது. கடன் வாங்கியாவது போட்டுவிடலாமா?

ஈப்போ கேபினட்காரன் | வெள்ளி, இரவு 11:05

கடன் வேண்டாம் தங்கச்சி. கேபினட் அடித்துப் பிழைக்கிறவன் நானே சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 7 அடி என்றால் 84 அங்குலம். கீழ் கேபினட் ஆழம் 24 அங்குலம். இரண்டு பக்கமும் அடித்தால் 48 போச்சு, நடுவில் 36 மிச்சம். ஐஸ்பெட்டி நிற்கிற இடத்தில் இன்னும் மோசம். பின்னால் காற்று போக விடுகிற இடைவெளியோடு சேர்த்து அது 28 அங்குலம் பிடிக்கும். மிச்சம் 32. கதவைத் திறந்தால் கதவே இரண்டடி அகலம். நீங்கள் எட்டு அங்குலத்தில் நின்றுகொண்டு முட்டை எடுக்க வேண்டும்.

இடது சுவரிலும் பின் சுவரிலும் மட்டும் 'ட' மாதிரி மேடை போட்டால் நடுவில் 60 அங்குலம் கிடைக்கும். இரண்டு பேர் முதுகு உரசாமல் நிற்கலாம். வலது சுவரை ஐஸ்பெட்டிக்கு மட்டும் விடுங்கள்.

நாங்கள் கேபினட்டை அடிக் கணக்கில்தான் விலை போடுவோம். சுவர் எவ்வளவு நீளம் மூடுகிறதோ அவ்வளவு காசு. "மூன்று பக்கமும் அடியுங்கள்" என்று எங்கள் ஆட்கள் ஏன் சொல்கிறார்கள் என்பதை இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

லூனாஸ் லதா | சனி, காலை 7:31

ஏன் இவ்வளவு யோசனை? பின்னால் ஆறடி சும்மாதானே கிடக்கிறது. மதில் வரைக்கும் சுவரை இழுத்து, மேலே கூரை போட்டு, சமையலறையை இரண்டு மடங்காக்கிவிடுங்கள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அளவு பார்த்து அங்குலம் அங்குலமாக அழுவதைவிட அது நல்லது.

ஈப்போ கேபினட்காரன் | சனி, காலை 8:10

லதா அக்கா, மூவாயிரம் வெள்ளியில் சுவர் இழுக்க முடியாது. இழுப்பதாக இருந்தாலும் நகராண்மைக் கழகத்தில் பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) அனுமதியில்லாமல் கட்டடத்தில் கூட்டிக் கட்டுவதைத் தடுக்கிறது. வரிசையில் எல்லாரும் கட்டியிருக்கிறார்கள் என்பது அதிகாரி வந்து நிற்கும்போது பதிலாகாது.

பின்பக்கம் முழுக்க அடைத்துவிட்டால் சமையலறை ஜன்னல் அந்தப் புது அறைக்குள்தான் திறக்கும். வெளிச்சமும் போகும், காற்றும் போகும்.

லூனாஸ் லதா | சனி, காலை 8:26

சரி சரி, சட்டப்புத்தகத்தை மூடுங்கள். பிளான் போட்டே கட்டட்டும். காசு சேர்ந்த பிறகு கட்டட்டும். ஆனால் கடைசியில் எல்லாரும் அங்கேதான் வருவீர்கள், நான் சொன்னேன் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | சனி, காலை 9:50

செல்வி, உங்கள் அம்மா எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்? எல்பில், டோவன்பி, ஹீவூட், எங்கே இருந்திருந்தாலும் பழைய லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) சமையல்கட்டு உங்களுடையதைவிடப் பெரிதாக இருந்திருக்காது. நான் பிறந்த வீட்டில் விறகடுப்பும் ஒரு பலகையும்தான். அதில் எட்டுப் பேருக்குச் சமையல் நடந்தது.

எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே நடந்தது கொதிப்பதும் தாளிப்பதும் மட்டும்தான். அரைப்பது தாழ்வாரத்தில், மீன் கழுவுவது குழாயடியில், காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் ஐந்தடியில் (வாசல் நடையில்) உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரோடு கதை பேசிக்கொண்டே. விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) போக வேண்டிய பெண்கள் எல்லா வேலையையும் ஓர் அறைக்குள் அடைத்துக்கொள்ளவில்லை. தாமானுக்கு வந்த பிறகுதான் கழுவுவது, நறுக்குவது, அரைப்பது, பொரிப்பது, சேர்த்து வைப்பது அத்தனையையும் நாலு சுவருக்குள் கொண்டுவந்தோம். பிறகு இடமில்லை என்கிறோம்.

உங்களுக்குப் பின்னால் ஆறடித் தரை இருக்கிறது. சுவர் எழுப்ப வேண்டாம். அங்கே எந்த வேலையை அனுப்பலாம் என்று மட்டும் முதலில் பாருங்கள்.

இன்னொன்று. சின்னச் சமையலறை என்றதும் எனக்கு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் சமையலறைதான் நினைவுக்கு வரும். 1926இல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வரைந்தது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அதாவது உங்கள் அறையைவிட ஒடுக்கம். ரயிலின் உணவுப் பெட்டியில் சமைக்கிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்துத் திட்டமிட்டார். உட்கார்ந்து வேலை செய்ய ஒரு முக்காலி, மடித்து இறக்கும் பலகை, தானியத்துக்குக் கைப்பிடி வைத்த அலுமினிய இழுப்பறைகள், எல்லாம் உண்டு. அந்த மாதிரி ஏறக்குறைய 10,000 சமையலறைகள் அங்கே அமைந்தன.

இரவு ஷிப்ட் | சனி, காலை 10:15

வாத்தியார் வந்தால் பாடம் இல்லாமல் போகாது 😄 ஐயா, அந்த ஜெர்மன் சமையலறையில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து நிற்க முடியுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார் | சனி, காலை 10:40

முடியாது தம்பி. அதைப் பற்றிச் சொன்ன பெரிய குறையே அதுதான். ஒருவர் நிற்கும்படி மட்டுமே வரைந்தது. சமைக்கிற பெண்ணைத் தனியாக ஓர் அறைக்குள் அடைத்துவிட்டது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். அதனால்தான் செல்விக்கு அதை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. மடிக்கும் பலகையையும் முக்காலியையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அடுப்பு, சிங்க், ஐஸ்பெட்டி மூன்றுக்கும் நடுவில் நடக்கிற தூரத்தைக் கூட்டினால் 26 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க இலினாய்ஸ் பல்கலைக்கழகக்காரர்கள் 1940களில் தொடங்கிவைத்த கணக்கு ஒன்று உண்டு. செல்வியின் அறையில் அது சுமார் 13 அடி வரும். அவருக்கு நடை ஒரு தொல்லையே இல்லை. கை வைக்க மேடை இல்லாததுதான் தொல்லை.

டோவன்பி பேத்தி | சனி, மதியம் 1:22

மேல் கேபினட் பற்றி யாரும் பேசவில்லையே. அக்கா, உங்கள் அம்மா உயரம் என்ன? என் பாட்டி நாலடி பத்து. கீழ் மேடை 34 அங்குலம், அதற்குமேல் 18 அங்குலம் இடைவெளி விட்டால் மேல் கேபினட்டின் அடிப்பலகையே 52 அங்குலத்தில் வருகிறது. முதல் தட்டு பாட்டிக்குச் சரி. இரண்டாவது தட்டில் கையை நீட்டித் தடவி எடுப்பார். மூன்றாவது தட்டில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை திறந்து பார்த்தால் காலாவதியான கஸ்டர்ட் பவுடர்.

நாங்கள் அடுத்த சுவரில் கேபினட்டே போடவில்லை. 10 அங்குல ஆழத்தில் திறந்த தட்டு இரண்டு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிவதால் இரண்டாவது மஞ்சள்தூள் பாக்கெட் வாங்குவது நின்றுபோனது. ஒரு டப்பா பின்னால் இன்னொரு டப்பா வைக்க இடம் இருக்காது, அதுதான் அதன் நல்ல குணம்.

லூனாஸ் லதா | சனி, மதியம் 1:40

திறந்த தட்டில் தாளிப்புப் புகையும் எண்ணெயும் படிந்து பிசுபிசுவென்று இருக்குமே. மீன் பொரிக்கிற வீடுதானே நம்முடையது? படத்தில் பார்க்க அழகு, துடைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

டோவன்பி பேத்தி | சனி, மதியம் 1:58

அடுப்புக்கு நேர் மேலேயும் பக்கத்து ஓரடியிலும் தட்டு வேண்டாம். அது வெறும் சுவராகவே இருக்கட்டும். மற்ற இடத்தில் தினமும் எடுக்கிற சாமான் இருந்தால் எண்ணெய் படிய நேரமே கிடைக்காது. தினமும் எடுக்காத சாமான் அந்தத் தட்டில் இருக்கக் கூடாது.

மீன் பொரிப்பதை வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி வெளியே அனுப்புங்கள்!

செல்வி_சிப்புட் | சனி, இரவு 9:18

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அம்மா நாலடி ஒன்பது. ஐயா, அம்மா எல்பில் தோட்டம்தான். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "எங்க வீட்டு அடுப்பங்கரைய இவரு எப்ப வந்து பார்த்தாரு?" என்று கேட்டார்.

அளந்து பார்த்தேன். கேபினட் அண்ணன் சொன்ன 'ட' வடிவம் சரியாக வருகிறது. ஆனால் மூன்று கேள்வி.

கேஸ் தோம்பு (சிலிண்டர்) இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் நிற்கிறது. மேடை நீண்டால் அது கேபினட்டுக்குள் போய்விடும். கதவு போட்டு மூடலாமா?

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் அம்மா கொடுக்க மாட்டார். என்னிடம் கிரைண்டர் வேறு இருக்கிறது, அதற்கும் இடமில்லை.

அம்மா நின்றுகொண்டு நறுக்க மாட்டார். மேடை உயரம் அவர் தோளுக்கு வருகிற மாதிரி இருக்கிறது என்கிறார். தரையில் உட்கார்ந்தால் நான் அவரைத் தாண்டித் தாண்டிப் போகிறேன். சுடுகஞ்சியோடு ஒரு நாள் தடுக்கப் பார்த்தேன்.

தோம்பு தம்பி | சனி, இரவு 9:47

கேஸ் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். லோரியில் தோம்பு போடுகிற வேலை எனக்கு.

இந்த கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் போய்த் தங்கும். அதனால் கதவு போடுவதென்றால் கீழ்ப் பக்கம் காற்று போகிற துளை கட்டாயம் வேண்டும். மேலே மட்டும் ஓட்டை போட்டுவிட்டு "காத்து வருதுல்ல?" என்று கேட்கிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் தோம்பு நிற்கிற அந்த ஒரு கட்டத்துக்குக் கதவே வேண்டாம், ஒரு துணித் திரை போதும். திரையும் அடுப்பு நெருப்பு தொடாத தூரத்தில். தரையில் தண்ணீர் போகிற ஓட்டை இருந்தால் அதன் பக்கத்தில் தோம்பு நிற்கக் கூடாது.

தோம்பை எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். இடமில்லை என்று படுக்க வைப்பவர்கள் உண்டு, அது ஆபத்து. குழாயைத் தேவைக்கு மேல் நீளமாக வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள், அடுப்புக்குப் பின்னால் சூடு படுகிற இடத்தில் ஓட விடாதீர்கள். சிரிம் தர முத்திரை இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். புதுத் தோம்பு மாட்டியதும் ரெகுலேட்டரில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழ் வந்தால் கசிகிறது. கேஸ் வாசம் வந்தால் விளக்கு சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தோம்பை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

14 கிலோ தோம்பு இரண்டு வைத்திருக்கிறீர்களா? இடம் இல்லாத வீட்டில் ஒன்று போதும். மாற்றுத் தோம்பு கட்டாயம் வேண்டுமென்றால் வெளியே நிழலில், லோங்காங் வாயிலிருந்து தள்ளி.

சமையல்கட்டில் சாமி மாடம் இருக்கிறதா அக்கா? விளக்கு எரிகிற தட்டுக்கு நேர் கீழே தோம்பு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்ட் | சனி, இரவு 11:30

அண்ணே, இதைப் படித்ததும் எழுந்துபோய் எங்கள் வீட்டு ரெகுலேட்டரில் நுரை தடவிப் பார்த்தேன். குமிழ் இல்லை. தூக்கம் வரும்.

ஈப்போ கேபினட்காரன் | ஞாயிறு, காலை 8:35

அம்மாவுக்கு மடக்கு மேசைதான் வழி. வலது சுவரில் ஐஸ்பெட்டி போக ஐந்தடிக்குமேல் மிச்சம் இருக்கிறது. அங்கே 3 அடி நீளம், 18 அங்குல ஆழத்தில் ஒரு பலகை, கீழே மடங்குகிற இரும்புத் தாங்கி. விரித்தால் நடக்க இன்னும் 42 அங்குலம் இருக்கும். மடித்தால் சுவரோடு சுவர். உயரம் 28 அல்லது 29 அங்குலம் வையுங்கள், சாப்பாட்டு மேசை உயரம். அம்மா முக்காலியில் உட்கார்ந்து நறுக்குவார், பிள்ளைகள் அதிலேயே பசியாறுவார்கள். தாங்கியைச் சுவரில் நல்ல திருகாணியால் இறுக்க வேண்டும். ஒட்டுகிற கொக்கியெல்லாம் இதற்கு ஆகாது. ஓடு பதித்த சுவராக இருந்தால் ஓட்டைத் துளைத்து முடியும்வரை டிரில்லில் சுத்தியல் பொத்தானைப் போடக் கூடாது, ஓடு உடையும்.

நிற்கிற மேடை உயரம் முழங்கையிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால் தோள் வலிக்காது. அதிகம் சமைக்கிறவர் யாரோ அவர் முழங்கையை அளந்து போடுங்கள். கடைக்காரர் அளவுக்கு நீங்கள் வளைந்துகொடுக்க வேண்டியதில்லை.

இடது சுவரின் எட்டடியை இப்படிப் பிரிக்கலாம். ஹால் பக்கம் ஓரடி வெறுமனே விடுங்கள், பிள்ளைகள் ஓடி வரும்போது சட்டிப் பிடி தட்டாது. அப்புறம் அடுப்புக்கு இரண்டரை அடி. அடுத்த இரண்டரை அடி சுத்தமாகக் காலி, அதுதான் உங்கள் நறுக்கும் இடம். மிச்சம் இரண்டடி மூலை. பின் சுவரில் மூலை போக இரண்டரை அடியில் சிங்க், பிறகு கதவு. அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் இருக்கிற அந்தக் காலி இடத்தில் ரைஸ் குக்கர், பிளாஸ்க், ரொட்டிப் பெட்டி எதையும் குடியேற்றாதீர்கள். குடியேறினால் மறுபடி சிங்க் மேல் பலகைதான்.

பொருள் விஷயம்: மேடையை சிமெண்டில் கட்டி ஓடு பதியுங்கள், கீழே அலுமினியச் சட்டமும் கதவும். அழுத்திய மரத்தூள் பலகை விலை குறைவுதான், ஆனால் சிங்க்கடியில் ஒரு முறை தண்ணீர் கசிந்தால் பூரி மாதிரி உப்பிவிடும். நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் அது தாங்காது. அலுமினியம் போட்டாலும் குழல் முனைகளை மூடச் சொல்லுங்கள். திறந்திருந்தால் எறும்பு உள்ளே போய்க் குடும்பம் நடத்தும்.

மூலை இரண்டடியில் கதவு வைத்துக் காசைக் கொட்டாதீர்கள். அங்கே தோம்பையோ அரிசித் தோங்கையோ நிறுத்துங்கள், திறந்தபடி.

தோம்பு தம்பி | ஞாயிறு, காலை 9:02

மூலையில் தோம்பு வேண்டாம் அண்ணே. அவசரத்துக்குக் கை நீட்டினால் உடனே எட்ட வேண்டும். ஹால் பக்கத்து ஓரடிக்குக் கீழே வைத்தால் எனக்கும் மாற்ற சுலபம். மூலை அரிசிக்கே இருக்கட்டும்.

ஈப்போ கேபினட்காரன் | ஞாயிறு, காலை 9:10

அது சரி. அப்படியே வையுங்கள்.

கம்பார் கரண்ட் | ஞாயிறு, காலை 11:27

கிரைண்டர் கேள்வி விட்டுப்போச்சு. 2 லிட்டர் மேசைக் கிரைண்டர் பத்துக் கிலோவுக்குமேல் கனக்கும். அதை மேல் தட்டில் வைத்து இறக்கி ஏற்றுகிற வேலையை யாரும் செய்ய வேண்டாம். கீழ்த் தட்டில், அல்லது பின்கதவுக்கு வெளியே கூரை நிழலில் ஒரு தாழ்ந்த திண்ணையில் வையுங்கள். அங்கே மழை படாத, மூடி வைத்த சாக்கெட் ஒன்று முறைப்படி வயர்மேனை வைத்துப் போடுங்கள். ஈரக் கையோடு தொடுகிற இடம். மெயின் பெட்டியில் இருக்கிற டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் கரண்ட் கட்டாகிறதா என்றும் பாருங்கள்.

சின்னச் சமையலறையில் சாக்கெட் குறைவு, அதனால் எல்லாம் ஒரே நீட்டிப்பு வயரில் தொங்கும். நம் ஊர் பிளக் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 3,000 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் 2,200 வாட், ஏர் பிரையர் 1,500 வாட் என்றால் இரண்டையும் ஒரே வயரில் சேர்த்துப் போடக் கூடாது.

புது ஐஸ்பெட்டி சிலவற்றில் சூடு பக்கவாட்டில் வெளியாகும், தொட்டால் தெரியும். சந்தில் சொருகுகிற அந்த ஒடுக்கமான சக்கர அலமாரி வாங்குமுன் அதைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிற பக்கத்தில் எண்ணெய்ப் போத்தலை அடுக்க வேண்டாம்.

டோவன்பி பேத்தி | ஞாயிறு, மதியம் 12:15

அம்மிக்கு நான் வாதாடுகிறேன். அதை யாரும் உள்ளே வைக்கச் சொல்லவில்லை. அம்மி, ஆட்டுக்கல் இரண்டும் மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாத பொருள்கள். பின்பக்கம் மதிலோரம் போடுங்கள், பிளாஸ்டிக் மூடி ஒன்று போட்டால் போதும். அம்மா அங்கே உட்கார்ந்து சம்பல் அரைப்பார். உங்களுக்கு உள்ளே இரண்டு சதுர அடி மிச்சம்.

லூனாஸ் லதா | ஞாயிறு, மதியம் 12:33

பார்த்தீர்களா, பின்பக்கம், பின்பக்கம்! மழை வந்தால் என்ன செய்வார்? ஒரு கூரையாவது போடுங்கள்.

ஈப்போ கேபினட்காரன் | ஞாயிறு, மதியம் 12:50

கூரை நல்ல யோசனைதான் அக்கா. மூன்றடிக்குச் சாய்ப்பு இறக்கினால் போதும், சுவர் வேண்டாம். அதற்கும் கழகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யட்டும். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் வடியாமல் சரிவை மதில் பக்கம் வைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | ஞாயிறு, மாலை 4:05

அண்டாவைப் பற்றி. ஆண்டுக்கு ஒருமுறை இறங்குகிற பாத்திரத்துக்கு மேடைக்கடியில் இடம் கொடுப்பது அநியாயம். கதவு நிலைக்கு மேலே ஏழடி உயரத்தில் ஒரு பரண் போதும். கனமில்லாதவை மட்டும் அங்கே. அண்டாவுக்குள் இட்லிப் பானை, அதற்குள் முறுக்குக் குழலும் பலகாரத் தட்டும். வாயைத் துணியால் கட்டி வைத்தால் பல்லி இறங்காது.

எங்கள் வரிசையில் நாலு வீட்டுக்கு ஒரே பெரிய வாணலி. கொங்சி, அதாவது பங்கு. தீபாவளிக்கு முந்தின வாரம் யார் எந்த நாள் முறுக்குச் சுடுவது என்று பேசி வைத்துக்கொள்வார்கள். வாணலி இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பதில்தான் சில சமயம் சண்டை.

அரிசிப் பானை | ஞாயிறு, இரவு 8:20

மூலை அரிசிக்கு என்று முடிவானதால் எழுதுகிறேன். 10 கிலோ அரிசிக்கு 13 லிட்டர் கொள்ளளவு இருந்தால் போதும். 20 லிட்டர் தோங்கு வாங்கி இடத்தை அடைக்காதீர்கள். உருண்டை டப்பாவைவிடச் சதுர டப்பா நல்லது, உருண்டைகளுக்கு நடுவில் விழுகிற சந்தெல்லாம் வீண்தானே. பழைய அரிசி தீருமுன் புதியதை மேலே கொட்டாதீர்கள், வண்டு தொடர்ந்து வருவது அதனால்தான். பருப்பு, ரவை பாக்கெட்டை வாங்கியதும் நாலைந்து நாள் ஐஸ்பெட்டியின் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் முட்டையோடு செத்துப்போகும். எடுத்து, ஈரம் போன பிறகு டப்பாவில் போடுங்கள்.

சலுகை விலை என்று மூன்று மாதச் சாமான் வாங்குகிற பழக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். கடை நடக்கிற தூரத்தில் இருக்கும்போது வீட்டை ஏன் கிடங்காக்க வேண்டும்?

செல்வி_சிப்புட் | அடுத்த மாதம், செவ்வாய், இரவு 9:40

வேலை முடிந்தது. யார் யார் சொன்னது எது நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

'ட' வடிவ மேடை சிமெண்டில் கட்டினோம், 32 அங்குல உயரம். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு சமரசம். கீழே சிங்க்கடிக்கும் நறுக்கும் இடத்துக்கடிக்கும் மட்டும் அலுமினியக் கதவு. தோம்பு ஹால் பக்கம், திரையோடு. மேல் கேபினட் ஒன்றுகூட இல்லை, இரண்டு திறந்த தட்டு. மடக்கு மேசை போட்டாயிற்று. அம்மா முதலில் "இது பள்ளிக்கூட மேசை" என்றார், இப்போது காலை முழுக்க அங்கேதான். சாமி மாடத்தை ஹாலுக்கு மாற்றினோம், அதற்கு மட்டும் நல்ல நாள் பார்க்க வேண்டியிருந்தது. அண்டா பரணில்.

சாய்ப்புக்குக் காசு போதவில்லை. அம்மிக்கு மேல் இப்போதைக்குப் பெரிய குடை. லதா அக்கா சிரிக்க வேண்டாம்.

ஒத்துவராதது ஒன்றும் உண்டு. மீன் பொரிப்பதை வெளியே அனுப்பினேன். காற்று அடித்தால் சின்ன அடுப்பில் நெருப்பு ஓடுகிறது, அதோடு தாமான் பூனைகள் அத்தனையும் மதில்மேல் வந்துவிடுகின்றன. பொரிப்பது மறுபடி உள்ளே. கழுவுவதும் அரைப்பதும் மட்டும் வெளியே.

லூனாஸ் லதா | செவ்வாய், இரவு 9:52

குடையா?! சிரிக்காமல் எப்படி இருப்பது. நல்லா இருங்க செல்வி. போனஸ் வந்ததும் கூரை.

இரவு ஷிப்ட் | புதன், காலை 6:30

கேபினட் அண்ணே, எங்கள் வீடும் இதே அளவுதான், பின்கதவு மட்டும் இடது பக்கம். வந்து பார்க்க முடியுமா? உங்கள் கைப்பேசி எண்ணைப் போடுங்கள்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 8:00

எண்களைப் பொதுவில் போடக் கூடாது, தனிச்செய்தியில் பேசிக்கொள்ளுங்கள். கேஸ் பற்றிய தோம்பு தம்பியின் பதிவைத் தனியாகப் பகுதியின் மேலே பொருத்தியிருக்கிறோம்.

ஈப்போ கேபினட்காரன் | புதன், காலை 8:14

தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன் தம்பி. வருமுன் சிங்க் குழாய் எந்தச் சுவரில் வெளியே போகிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள். கதவு இடது பக்கம் என்றால் மேடையைத் திருப்பிப் போட வேண்டிவரும், குழாயை மாற்றுகிற செலவு அதில்தான் வரும்.